பல்செட்டுக்கு வந்த அம்மா

எங்கள் தெருவில் பல்செட்டுக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ஆனால் அவர் யார் வாயையும் பார்த்தவர் அல்ல. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பட்டறையில் உட்கார்ந்து பல் கட்டுவார். பக்கத்துக் கடையில் நான் சாவி வெட்டுகிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒட்டுக்கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது. காது இருக்கிறதே, அதை என்ன செய்ய?

மாடியில் அவரும் லிஃப்ட் மெக்கானிக்கும் குடித்தனம் நடத்துகிறார்கள். குடித்தனம் என்றுதான் சொல்வேன். உப்பு கூடிவிட்டதென்று சண்டை, துணி காயப்போடுவது யார் என்று சண்டை, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் லீவு. இதற்கு வேறு பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பல்செட்டுக்காரரின் அண்ணன் அப்படி ஏதோ ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் தம்பியைத் தலைமுழுகினார். அம்மா அண்ணன் வீட்டோடு. வருஷக்கணக்காக ஒரு போன்கூட இல்லை.

"எங்கம்மாவுக்கு என் நெனப்பு இருக்குமா?" என்று டீ குடிக்கும்போது என்னிடம் கேட்பார்.

"பெத்தவளுக்கு மறக்குமா? போய் வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுவேன். அம்மாவுக்காக ஏங்கி உட்கார்ந்திருக்கிற ஐம்பது வயது மனுஷனிடம் வேறென்ன பேசுவது?

பிறகு ஒருநாள் அம்மாவே வந்து நின்றார். பழைய செட் கழன்று கழன்று விழுகிறதாம். சின்னவன் கட்டினால்தான் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்து, பெரிய மகனிடம் அனுமதி வாங்கியிருந்தார். பெரியவர் போட்ட நிபந்தனையும் கூடவே வந்தது. மாடி ஏறக் கூடாது. பல் வேலை முடிந்தால் அதோடு சரி.

அன்றிலிருந்து ஒரு பல்செட்டுக்கு இவ்வளவு வேலையா என்று நானே அசந்துபோனேன். டாக்டரிடம் அனுப்பாமல் அம்மாவுக்கு அவரே அச்சு எடுத்தார், சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார். மெழுகில் பல்லை அடுக்கிப் பார்க்க ஒருமுறை வரச்சொன்னார், நிறம் பார்க்க இன்னொரு முறை. டாக்டர்கள் யாராவது இப்படி இழுத்தடித்திருந்தால் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்.

அம்மா வருகிறார் என்றால் லிஃப்ட் மெக்கானிக் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். தன் முகத்தைப் பார்த்தால் அம்மா வருவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயம். அவர் செருப்பைக்கூட ஒளித்துவைத்துவிட்டுத்தான் பல்செட்டுக்காரர் கதவைத் திறப்பார். அம்மா மாடிப்படியை ஒரு பார்வை பார்ப்பார், வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார்.

எவ்வளவுதான் இழுத்தாலும் செட் ஒருநாள் முடிந்துதானே ஆகவேண்டும்? முடிந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, இடது பக்கம் வலிக்கிறது என்றார் அம்மா. இவர் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த வாரம் வலது பக்கம். அதற்கடுத்த வாரம் மேலே, பின்னால், எங்கேயோ. அன்றைக்கு, உரசுகிற இடத்தில் சாயம் ஒட்டுகிற சிவப்புத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார், விளக்கைப் பிடித்து ஈறைப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.

"எங்கயும் உரசலையேம்மா."

"தெரியும்டா" என்றார் அம்மா.

நான் அரத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

"நான் வர்றப்பல்லாம் அந்தப் பையன் எங்க போயிடறான்?"

"உனக்குச் சங்கடமா இருக்கும்னு நாங்களாதான்..."

"நல்லா இருக்குடா உங்க சங்கடம். பெரியவன் பேசினப்ப நான் வாயடைச்சு நின்னேன்ல, அந்தக் கோவத்துலதான் என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறான்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

பல்செட்டுக்காரர் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டிருப்பார் என்று எனக்கே தெரியும். "இன்னும் போகல. உன்னத்தான் கேக்கறாங்க" என்றார் இவர்.

பின்சந்தில்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது. போனை வைப்பதற்குள் வந்துவிட்டார். ஆறடி ஆள், கையில் கிரீஸ். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப்பார்த்து, "போய்யா உள்ள" என்றேன்.

"வாப்பா" என்றார் அம்மா. "உன்ன என்ன முறை வெச்சுக் கூப்பிடறதுன்னு நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் பிடிபடல. புள்ளன்னே வெச்சுக்கிட்டேன். உனக்குச் சம்மதந்தான?"

அவ்வளவு பெரிய ஆள் தலையை மட்டும் ஆட்டினார்.

மூவரும் மாடிக்குப் போனார்கள். என் தலைக்கு மேலே நாற்காலி நகர்ந்தது, பாத்திரம் உருண்டது, யாரோ சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார்கள். வேலையிலிருந்து பெரியவர் வீடு திரும்பும் நேரத்துக்குள் அம்மா போய்ச் சேர வேண்டும்.

கிளம்புகிற நேரத்தில் அம்மா செட்டைக் கழற்றி மகன் கையில் வைத்தார்.

"இதுல எங்கயாவது கொஞ்சம் கோளாறு பண்ணிக் குடு."

"இத விட நல்லா நான் யாருக்கும் கட்டினதில்லம்மா. இதப் போய் எப்படிக் கெடுப்பேன்?"

"நல்லாத்தான்டா இருக்கு, அதான் பிரச்சன." பல் இல்லாத வாயில் வார்த்தைகள் குழைந்து வந்தன. "வாயைத் திறந்து காட்டுங்கறான் உங்கண்ணன். புண்ணு இருந்தாத்தான் அனுப்புவான்."

 தடுப்புக்கு அந்தப் பக்கம், தேய்க்கிற மோட்டார் ஓடத் தொடங்கியது.