மாடியில் வெடித்த கீபோர்டு

சிரிக்காதீர்கள்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய அனலாக் சிந்தசைசர் கீபோர்டு வந்தது. விளம்பரங்களுக்கு இசை அமைத்துத் தரும் என் மகள் யாழினி ஆசைப்பட்டு வாங்கியது. அவளுடைய பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கும் மாடி அறைக்குத் தூக்கிப் போவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“ஒரு நேரத்துல ஒரு சுரம்தாம்மா கேக்கும்.”

“அதுக்கா இம்புட்டு வெயிட்டு?”

“இதுல ரெடிமேடா எதுவும் கிடையாது. இந்தக் குமிழ்களத் திருப்பி, சத்தத்த நாமளே உண்டாக்கணும்.”

அது சூடாகும்வரை சுருதி நிற்காதாம். சரி, சூடாகட்டும் என்று சமையலறைக்கு இறங்கினேன்.

டொம்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும்... பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் சாம்பிள் வெடியின் சத்தம் காதோடு போய்விடும். இது கால் வழியாக ஏறுகிற சத்தம்.

என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன். போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

வாசலுக்கு ஓடினால், தெருவே அண்ணாந்து நிற்கிறது. எதிர்வீட்டு மாரியம்மாளின் கணவருக்கும் அதே கம்பெனிதான்.

“யக்கா, எந்தப் பக்கம்? புகையக் காணோமே! அண்ணன்ட்ட பேசிட்டீகளா?”

“எடுக்கலயே மாரி...”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டொம்!

இந்தமுறை எல்லாத் தலைகளும் என் வீட்டு மாடியை நோக்கித் திரும்பின.

படியேறி ஓடினேன். யாழினி முகமெல்லாம் சிரிப்பு. “கேட்டியாம்மா? வெறும் இரைச்சல்தான். ஃபில்டர மூடி மேல்சத்தத்த வெட்டினேன்... அடி அதிர்வு எப்படி?”

ஜன்னலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு விளக்கமா வேண்டும்? ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

“உலகத்துல எத்தனையோ சத்தம் இருக்கே... ஏன்டி இது?”

“தெரியலம்மா. கைபோன போக்குல திருப்பினேன். முதல்ல இதுதான் வந்துச்சு.”

வெடித்தது கீபோர்டுதான் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு நம்ப மறுத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டிலிருந்து அவர் கூப்பிட்டார்.

“ஏன் இத்தன தடவ கூப்புட்ட? வீட்ல என்ன? புள்ள எங்க?”

பயந்துபோனது நான் மட்டுமில்லை!

நாங்கள் செய்து அனுப்பும் சத்தத்துக்கு ஊர் உலகமெல்லாம் கை தட்டுகிறது. இங்கே ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் ஆளைத் தேடுகிறோம்.

சாயங்காலம் யாழினி எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். கீபோர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். மாரியம்மாள் எங்கள் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்:

“எதுக்குக் குடுக்கணும்? ஞாயித்துக்கிழம வாசி புள்ள. அன்னைக்குக் கம்பெனி லீவு. எம்புட்டு வேணாலும் அதிரட்டும்... பக்கத்துல கெடக்குற மனுசனத் தொட்டுப் பாத்துக்கிடுவேன்.”