பெருமாள்மலைக்கு ஒரு பந்தயம்

அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கேதான் நான் ஓட்டப் பழகினேன். அறுபதுகளின் தொடக்கத்தில், சீசன் விளையாட்டுகளில் பெண்களுக்கும் சைக்கிள் பந்தயம் சேர்த்தார்கள். கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலைக்கு இறங்கி, திரும்பவும் ஏறி வர வேண்டும். முதல் இரண்டு வருஷமும் நான்தான் ஜெயித்தேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று அம்மா சண்டை போட்டாள். ஆனாலும் அண்ணனின் பழைய பேண்டைப் பிரித்து எனக்கு அளவாகத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மூன்றாம் வருஷம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு டிரில் டீச்சர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கிளம்பியதிலிருந்தே என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். அவரை உதறிவிட நினைத்து, மழை நனைத்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். ஒரு வளைவில் தைலமர இலைகள் மேல் சக்கரம் வழுக்கியது. விழுந்த வேகத்தில் தோளருகே காறை எலும்பு முறிந்துபோனது.

அவர் தாண்டிப் போயிருக்கலாம். வண்டியைச் சரித்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்ற பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

"நீங்க போங்கக்கா. இன்னிக்கு நீங்கதான் ஜெயிப்பீங்க" என்றேன்.

"நீ இங்க இப்படிக் கெடக்க, நான் அங்க போயி மாலை வாங்கிக்கவா? கையை அசைக்காம இரு."

தன் கழுத்தில் சுற்றியிருந்த துண்டால் என் கையைத் தூக்கிக் கட்டினார். கீழேயிருந்து ஏறி வந்த காலி லாரியை மறித்து என்னை ஏற்றிவிட்டு, தன் சைக்கிளில் ஆஸ்பத்திரிவரை பின்னாலேயே ஏறி வந்தார். அன்றிரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார். அம்மா அவருக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். எனக்கோ, இனிமேல் சைக்கிளே கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த சீசனில் பஸ் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு டீச்சர் வந்து இறங்கினார். நான் விழுந்ததைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, அந்த வருஷம் பெயர் கொடுக்க வேறு யாரும் வரவில்லை. ஒருத்திக்காகப் பந்தயம் வைக்க முடியாது என்று நடத்துகிறவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர் அதை எங்கள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அம்மா முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

அம்மா உள்ளே போய் அந்தப் பேண்டை எடுத்து வந்தாள்.

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காங்க. நீயும் கூடப் போ. இறக்கத்துல மட்டும் பாத்துப் போ."

நடுவர் இல்லை, பரிசு இல்லை. நாங்கள் இருவரும் கிளம்பினோம். விழுந்த வளைவு வந்ததும் என் விரல்கள் பிரேக்கில் இறுகிவிட்டன. டீச்சர் எனக்கு முன்னால் மெதுவாக இறங்கினார். அவர் சக்கரம் போன வழியிலேயே நானும் இறங்கினேன்.

ஏற்றத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசித் திருப்பத்தில் என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். மேலே மூச்சிரைக்க நின்று, "மதுரைல ரேஸு வைக்கிறாங்களாம், வாரியா?" என்று கேட்டார்.

போனேன். கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கும்வரை மதுரையிலும் சென்னையிலும் ஓட்டினேன். பெரும்பாலும் அவருக்குப் பின்னால்தான் வந்தேன்.