படுத்து ஓடும் சைக்கிளும் நிற்க இடமில்லாத வீடும்

தையல் மெசின் திருத்துகிறவனுக்குக் கடை இல்லை, கந்தோர் இல்லை, மேலதிகாரி இல்லை. எந்த வீட்டில் மெசின் நூல் அறுக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வழி ஒன்று இருந்தால் போதும்.

எனக்கு அந்த வழி ஐம்பத்து நாலாவது வயதில் அடைபட்டது. உள்காதில் ஏதோ கோளாறு. இருந்தாற்போல் தலை சுற்றும். இனி இரண்டு சக்கரத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்றால், பஸ் ஒழுங்கைக்குள் வராது. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி இதைக் கேள்விப்பட்டு ஒரு சைக்கிள் அனுப்பிவைத்தான். முன்னுக்கு இரண்டு சக்கரம், பின்னுக்கு ஒன்று. சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோல் கிடந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்க வேண்டும். தலை சுற்றினாலும் விழுந்துவிடுவோம் என்ற பயமில்லை. ஏற்கெனவே படுத்துத்தான் இருக்கிறோம்.

மன்னார்ப் பள்ளிமுனையில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. சைக்கிள் வந்திறங்கிய அன்றே என் மனைவி ஜெசிந்தா தவணை சொல்லிவிட்டாள். செபமாலை மாதமான ஒக்ரோபரில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டு முறை வருகிற நாளில் ஹோல் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிள் அடம்பனுக்கு, அவளுடைய தம்பி அன்ரனின் நெற்கொட்டிலுக்குப் போகும். சைக்கிள் போனால் அதோடு என் தொழிலும் போகும் என்பது அவளுக்கும் தெரியும். எனக்கு இரண்டு மாதம் இருந்தது.

சின்ன வீட்டில் பெரிய சாமான் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லற்படும் அன்பர்களே, இதை வாசித்தால் உங்களுக்கு இடம் கிடைக்காது. துணைக்கு ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

அளவு

வீட்டுக் கதவின் அகலம் என்ன என்று தம்பி முன்கூட்டியே ரெலிபோனில் கேட்டிருந்தான். முப்பது வருடமாகச் சட்டைப்பையில் அளவு நாடாவோடு திரிகிறவன் நான். பெருமையாக அளந்து, முப்பத்தாறு அங்குலம் என்று சொன்னேன். சைக்கிளின் அகலம் முப்பத்திரண்டு. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது என்று தம்பி சந்தோஷப்பட்டான். நான் அளந்தது கதவு நிலையின் வெளிவிளிம்பிலிருந்து மற்ற வெளிவிளிம்பு வரை. மரத்தையும் சேர்த்து. சைக்கிள் மரத்துக்குள்ளால் போகாது என்ற விஷயம் அதைக் கொண்டுவந்து வாசலில் இடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே உள்ளே கொண்டுபோவதென்றால் சைக்கிளைப் பக்கவாட்டில் சரித்து, முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் தூக்க வேண்டும். குனிந்து பாரம் தூக்கினால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் பாரமான முன்பக்கம் ஜெசிந்தாவுக்கு. காலையில் வெளியே, பின்னேரம் உள்ளே. தலை சுற்றல் உண்மைதானா, அல்லது பாரமான பக்கத்தை அவளிடம் தள்ளிவிட அது ஒரு வசதியா என்று சில நாட்களில் என்னையே கேட்டதுண்டு. பதில் வருவதற்குள் வாசல் வந்துவிடும்.

முதல் நாள் நாங்கள் இருவரும் வாசலில் சிக்கி நின்றதை அடுத்த வீட்டு பெனடிக்ற் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பார்த்திருந்தான். எங்கே பிழைத்தது என்று விசாரித்தான். சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் மெசின் திருத்துறதோட நிப்பாட்டினது கர்த்தர் செய்த புண்ணியம். சட்டை தைக்க வெளிக்கிட்டிருந்தா ஊர் முழுக்க வெறும் மேலோட திரிஞ்சிருக்கும்."

வெளியே

தினமும் தூக்குவதை விட வெளியே நிறுத்துவது சுகம் என்று யோசித்து, மதிலோரம் தறப்பாள் ஒன்றைக் கட்டி அதன் கீழ் விட்டேன். கடற்காற்று மூன்றே நாளில் சங்கிலியைச் செம்மண் நிறமாக்கியது. அதை மண்ணெண்ணெயில் கழுவி எடுக்கலாம். கழுதைகளை என்ன செய்வது? மன்னாரில் தெருவுக்குச் சொந்தக்காரர் அவர்கள்தான், நாங்கள் இடையில் வந்துபோகிறவர்கள். நாலாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஆசனத்தின் வலைத்துணி பாதி இல்லை. மீதிப் பாதியை ஒரு பெரிய கழுதை அமைதியாக மென்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபத்தை விட வெட்கம்தான் வந்தது. அவ்வளவு நிம்மதியாக அந்தக் கதிரையில் நானே ஒருநாளும் இருந்ததில்லை.

கட்டாக்காலி மிருகங்களைப் பற்றி முறைப்பாடு எடுக்கிற கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் நல்ல மனிதர், கதிரை தந்து இருத்தினார். எது சேதமானது என்று எழுத வேண்டுமாம். சைக்கிள் என்றேன். சைக்கிளின் எந்தப் பாகம் என்றார். முதுகு சாய்கிற பாகம் என்றேன். பேனையை மூடி வைத்தார்.

"ஐயா, சைக்கிளுக்கு முதுகு இல்லை. வீட்டுக் கதிரையை ஏன் றோட்டுக்குக் கிட்டப் போட்டனீங்கள் எண்டுதான் என்ர மேலதிகாரி கேப்பார்."

நிற்க வைத்தது

ஆசனத்துக்குத் துணி நானே தைத்துப் போட்டேன். அதன் பிறகு சைக்கிள் ஹோலுக்குள் வந்தது. சாப்பாட்டு மேசை அடைத்தது போக மிஞ்சிய நிலத்தில் கிடத்தினால் அறைக் கதவு திறக்காது. ஆகவே பின்சக்கரத்தைக் கீழே வைத்து, செங்குத்தாகச் சுவரோடு நிமிர்த்தி, கயிற்றால் ஒரு கொளுக்கியில் கட்டினேன். முன்சக்கரங்கள் இரண்டும் என் தலைக்கு மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. யாரோ ஒருவர் கையை விரித்துக்கொண்டு, ஏனடா எனக்கு இந்தக் கதி என்று கேட்கிற தோற்றம். ரீவி பார்க்கிறவர் தலையைச் சரித்துத்தான் பார்க்க வேண்டும். நல்லது, நாங்கள் ரீவியில் செய்தி மட்டும்தான் பார்ப்போம், அது எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான்.

அந்த நாட்களில் வழமையாக நான் வீட்டுக்குப் போய் மெசின் திருத்திக் கொடுக்கும் ஹமீதா ராத்தா, அவசரத்துக்குச் சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் மெசின் தலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தா. ஒரு நிக்காஹ்வுக்கு உடுப்பு முடிக்க வேண்டும், மெசின் இடையிடையே தையல் விடுகிறது. நான் மெசினுக்குள் இருக்கும் கொளுக்கியைச் சரிபார்த்து ஊசியின் நேரத்தைத் திருத்தும் வரைக்கும் அவ அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தா. தவணைக் கதையைச் சொன்னேன். அது அடம்பனுக்குப் போனால் இனி எப்படி வருவீங்க என்று கேட்டா. வரமாட்டேன் என்றேன். அப்படியானால் எல்லாரும் சாக்கோடு இஞ்ச வாறதா என்றா. நான் மெசின் தலையைத் திரும்பவும் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தா.

"நீங்க அதுல படுத்துப் போறீங்க, அது உங்கட வீட்டுல நிண்டுகொண்டே கிடக்குது. அதுக்கும் ஒரு நியாயம் வேணுமே அண்ணன்."

தூக்கிலிட்டது

நியாயத்தைத் தேடிக் கூரைக்குப் போனேன். பெனடிக்ற் வள்ளம் இழுக்கிற கப்பி இரண்டும் கயிறும் கொண்டுவந்து, கூரையைத் தாங்கும் தீராந்தியில் கட்டி, சைக்கிளை ஹோலின் உச்சிக்கு ஏற்றிவிட்டான். மேசையைத் தவிரக் கீழே நிலம் முழுவதும் வெறுமை. ஜெசிந்தா இரண்டு முறை கூட்டினாள், கூட்டுவதற்கு நிலம் கிடைத்த சந்தோஷத்தில். அன்று மத்தியானம் சங்கிலியில் இருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவளுடைய சொதிக் கோப்பைக்குள் விழுந்தது. அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. பெனடிக்ற் போட்ட முடிச்சை அவிழ்க்க பெனடிக்றால் மட்டும்தான் முடியும். அவன் விடியமுன் தொழிலுக்குப் போனால் பத்து, பதினொரு மணிக்குத்தான் கரைக்கு வருவான். அவனுடைய வள்ளம் வரும்வரைக்கும் நான் ஹோலில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றுப் பிழைத்த ஒரு கிழமை முழுவதும், காற்றுச் சற்று ஓய்ந்த நேரமெல்லாம் அவன் வலையோடு கடலுக்குப் போய்விட்டான். பேசாலையில் ஒரு தையற்கார அம்மாவுக்குச் செவ்வாய் வருகிறேன் என்று சொல்லி வெள்ளிதான் போனேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்ல, அந்த அம்மா மெசின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னா.

"கடல் சரியில்லாட்டி மீன்தான் வராது எண்டு நினைச்சன். மெசின் திருத்துற பாசும் வராதெண்டு இப்பத்தான் தெரியும்."

மாதா வந்த நாள்

தவணை முடிந்தது. எண்ணெய் சொட்டுகிற சாமானின் கீழே மாதாவை வைக்க ஜெசிந்தா சம்மதிக்கவில்லை. சைக்கிள் கீழே இறங்கியது. மறுநாள் காலை அன்ரன் உழவு மெசினும் அதன் பின்னால் கொளுவுகிற இழுவைப் பெட்டியுமாக வருவதாக ஏற்பாடு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் பழையபடி சுவரோடு நிமிர்த்தி வைத்து, ஆட்களின் கண்ணில் படாதபடி மூடிவிடுங்கள் என்றாள். அலுமாரியில் முதலில் கைக்கு வந்தது அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலை. அதை மேலே இருந்து கீழே வரை போர்த்து, காற்றுக்குப் பறக்காமல் ஊசியும் குத்தினேன். எதிர்ப்பக்கத்தில் அவள் மூன்று நாள் செலவழித்துப் பூப்பீடம் ஒன்று சோடித்திருந்தாள்.

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் சிலுவையைக் கத்தரிப்பூ நிறத் துணியால் மூடுவார்கள். இது எனக்கு ஞானஸ்நானம் பெற்ற நாளில் இருந்து தெரியும். ஆனால் ஒரு விஷயம் தெரிவதும் அது நேரத்துக்கு ஞாபகம் வருவதும் எனக்கு ஒருநாளும் ஒன்றாக நடந்ததில்லை. நெடுக ஒரு தண்டு, மேலே குறுக்காக இரண்டு கை, மேலே அந்தச் சேலை. செபக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பிலோமினா அக்கா வாசற்படியில் அதைக் கண்டதும் முழங்காலிட்டா. பின்னால் வந்த இருபது பேரும் முழங்காலிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த மாதா சுரூபமும் மெழுகுதிரிகளும் அதன் காலடியில் வரிசையாக ஏறின. ஜெசிந்தாவின் பூப்பீடத்துக்கு எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார்கள். நான் நடுவில் எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். துணிவு வரவில்லை. அது சைக்கிள் என்று சொன்னால் மரியாதை இல்லை, சொல்லாவிட்டால் பாவம். நான் பாவத்தைத் தெரிந்தெடுத்தேன்.

செபம் முடிந்து, பிலோமினா அக்கா தாழ்ந்த குரலில், இந்த மாதத்தில் ஏன் பிள்ளை சிலுவையை மூடினாய் என்று கேட்டா. என் மனைவி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"சிலுவைதான் அக்கா. ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் முன்பக்கம் நான்தான் தூக்குறனான்."

அடம்பன்

அன்ரன் சொன்ன நேரத்துக்கு வந்தான். நானும் அவனுமாகச் சைக்கிளை இழுவைப் பெட்டியில் ஏற்றினோம். கருவிப் பெட்டியையும் கொண்டுபோ, இனி எனக்கு என்னத்துக்கு என்று சொல்ல நினைத்தேன். அப்படிச் சொன்னால் பரிதாபம் கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் தொழிலுக்காகவா இந்தச் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தேன், அல்லது ஏலாதவன் என்ற பெயரைத் தள்ளிப்போடவா என்று யோசித்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதில் என்ன குற்றம் என்றும் யோசித்தேன். அன்ரன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா வாசலில் நின்று, நாளையில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். வீட்டில் இருப்பேன் என்றேன். ஹோலிலா என்றாள். வேறு எங்கே என்றேன். விடிந்ததில் இருந்து படுக்கும் வரைக்குமா என்றாள். ஓம் என்றேன். உனக்கு உதவியாக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் சைக்கிள் இல்லாத ஹோலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஒரு மெசின் தலையைத் திருத்துவதா எறிவதா என்று நான் பார்க்கிற பார்வை அது. அவளுடைய கலியாணத்துக்குத் தகப்பன் செய்துகொடுத்த ஆறு பேர் இருக்கிற சாப்பாட்டு மேசை ஹோலின் அரைவாசியை அடைத்துக்கொண்டு மூலையில் கிடந்தது. சுரூபம் வருவதற்காக அதைச் சுவரோடு தள்ளியிருந்தோம்.

"தம்பி, சைக்கிளை இறக்கு, அந்த மேசையை ஏத்து. மேசை ஒரு நாளும் வெளியில போகாது. சைக்கிள் போகேக்க இவரையும் கொண்டுபோகும்."

வீட்டில் இடம் இல்லை என்று நான் இரண்டு மாதமாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது முழு உண்மை. யாருக்கு இடம் இல்லை என்பதில்தான் சின்னப் பிழை விட்டிருந்தேன்.