பதினெட்டில் நின்ற வளையம்

கெர்த்துவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, கை வேகமாகிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். உருளைக்கிழங்கைத் தோலோடு சதையும் போகச் சீவுகிறாள் என்றால் அன்று யாரும் அவள் பக்கம் போவதில்லை. வேட்டைச் சங்கத்து ஆண்களுக்கு மட்டும் இது தெரியவில்லை. அவள் சாதுவான பொம்பளை என்றே நினைத்திருந்தார்கள்.

அந்தச் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். கணவன் இறந்தபோது சங்கத்தில் அவன் இடத்தை அவளுக்குத் தராமல் வெளியாள் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவன் கணவனின் கூடப்பிறந்த தம்பி ஓயிவாதான். கெர்த்துவின் இடத்தைக் காப்பாற்றியது அவளுடைய நாய் துயிஸ்கு. சாம்பல் நிறம், சுருண்ட வால். மூஸ் என்னும் பெரிய காட்டு மானைத் தேடிப் பிடித்து, அது ஓடாமல் நின்று முறைக்கும்படி குரைத்தே நிறுத்திவைக்க அதற்கு இணையான நாய் அந்தப் பக்கத்தில் இல்லை. நாய் வேண்டுமென்றால் நாய்க்காரியும் வேண்டும். அப்படித்தான் அவள் சங்கத்தில் நீடித்தாள். நாய் போனால் தானும் போகவேண்டியதுதான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கண் மங்கத் தொடங்கி, துப்பாக்கியின் இரும்புக் குறியும் எதிரே இருப்பதும் ஒருசேரத் தெரியாமல் போன வருடம் அவள் துப்பாக்கிமேல் பொருத்தும் குறிக்கண்ணாடி, ஸ்கோப், வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிது பெரிதாக எடுத்து வைத்தார். திறந்த சதுப்பில் இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு அவை வேண்டியவைதான். மரம் வெட்டிய வெளிகளில் நிற்பவர்களுக்கு, வளையத்தைத் திருப்பி ஒன்றிலிருந்து ஆறு மடங்குவரை பெரிதாக்கிக்கொள்ளும் சின்ன ஸ்கோப் போதும். அவள் நடப்பதோ நாயின் பின்னால், ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்த புதரில். அங்கே மான் கண்ணில் பட்டால் அது கல்லெறி தூரத்தில் இருக்கும். எதையும் பெரிதாக்காமல், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் கண்ணாடியை அவள் வாங்கினாள். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே குறி பார்க்கலாம்.

ஓயிவா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "இதுல என்ன தெரியும் அண்ணி? ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கிற மாதிரில்ல இருக்கு."

அவனுடையது பதினெட்டு மடங்கு. முன்கண்ணாடி ஒரு காப்பிக் கோப்பை அகலம். மானுக்காகக் காத்து நிற்கும் நிலைகளில் சதுப்போரத்து நிலை எப்போதும் அவனுடையது. அந்தி மங்கலிலும் மானின் கண்ணிமை தெரியும் என்று அவன் சொல்லாத நாள் கிடையாது.

நல்ல நிலைகளைச் சிலரே பிடித்துவைத்துக்கொள்கிறார்கள் என்று முந்தைய வருடம் சண்டை வந்திருந்தது. அதனால் அந்த வருடத்திலிருந்து காலையில் நெருப்பைச் சுற்றி நின்று, தலைவர் ஹன்னெஸின் ஆரஞ்சுத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பது என்று முடிவானது. முதல் பனி விழுந்திருந்த அன்று ஓயிவாவுக்கு ஓடைப்புதர் வந்தது. யாரோடாவது மாற்றிக்கொள், இல்லையென்றால் வளையத்தைத் திருப்பி மடங்கைக் குறைத்துக்கொள் என்று ஹன்னெஸ் சொன்னார்.

"தூரத்துல அடிக்கிறவனுக்குக் கிட்டத்துல அடிக்கத் தெரியாதா, தலைவரே?" என்றான் ஓயிவா. எல்லாரும் சிரித்தார்கள். கெர்த்து கறுப்பு ரொட்டியைத் துயிஸ்குவுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் துயிஸ்கு மானைக் கண்டுபிடித்தது. குரைப்பு ஒரே இடத்தில் நின்று, பிறகு மெல்ல ஓடைப்பக்கம் நகர்ந்தது. ஒரு வெடி, உடனே இன்னொன்று. ரேடியோவில் ஓயிவாவின் குரல் வந்தது: "பெரிய மான், விழுந்துடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி: "பெட்டை."

கெர்த்து போய்ச் சேரும்போது அவனும் ஹன்னெஸும் மானின் தலைமாட்டில் நின்றிருந்தார்கள். மடியில் பால் இருந்தது. குட்டி கூட வரும் தாயைச் சுடக்கூடாது. சுடுவதானால் முதலில் குட்டி, பிறகு தாய். இது சட்டம் மட்டுமல்ல, துப்பாக்கி எடுத்த முதல் நாளே மண்டையில் ஏற்றப்படும் விஷயம். குட்டியைக் காணவில்லை.

"உங்க நாய் கண்ணுமண்ணு தெரியாம விரட்டியிருக்கு, அண்ணி," என்றான் ஓயிவா. "குட்டி எங்கயோ பின்தங்கிடுச்சு. நான் பாக்கிறப்போ தாய் தனியாத்தான் வந்துச்சு. இந்த நாய வெச்சுக்கிட்டு வேட்டைக்கு வந்தா இப்படித்தான் ஆகும்."

ஹன்னெஸ் தாடியைச் சொறிந்தார். போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், காரணமும் சொல்லவேண்டும் என்றார். பிறகு கெர்த்துவைப் பார்க்காமல், துயிஸ்குவை இந்த வருடத்துக்கு வீட்டிலேயே வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். குடும்பத்துக்குள் நடந்தது, பெரிதாக்க வேண்டாமே என்றும் சொன்னார்.

கெர்த்து குனிந்தாள். பனியைப் பார்த்தாள். தாயின் குளம்புத் தடத்தை ஒட்டியே சின்னக் குளம்புத் தடம், உரசிக்கொண்டு நடந்ததுபோல. இரண்டும் நடைத் தடங்கள், ஓட்டத் தடம் இல்லை. மான் விழுந்த இடத்தில்தான் சின்னத் தடம் பனியைக் கிளறிக்கொண்டு தெறித்து ஓடியிருந்தது. அவள் ஓயிவாவின் தோளிலிருந்த துப்பாக்கியை எடுத்தாள். அவன் தடுப்பதற்குள் அது அவள் கையில் இருந்தது. குண்டுகளைக் கழற்றிப் பனியில் போட்டாள். வளையம் பதினெட்டில் இருந்தது.

"தலைவரே, இவன் நின்ன எடத்துல நின்னு இத வெச்சு மானப் பாருங்க."

ஹன்னெஸ் போய் நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"முடி."

"வேற?"

"வெறும் முடிதான் தெரியுது, கெர்த்து."

ஓயிவா ஏதோ சொல்ல வாயெடுத்தான். "குட்டி அதோட விலாவ ஒட்டி நின்னுருக்கு," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உனக்குக் குட்டியும் தெரியல, அது பெட்டையா கடாவான்னும் தெரியல. பழுப்பா ஒண்ணு தெரிஞ்சுச்சு, சுட்டுட்ட. இப்போ என் நாயக் கட்டிப்போடச் சொல்ற."

ஓயிவா பனியிலிருந்து குண்டுகளைப் பொறுக்கினான். ஹன்னெஸ் இருமினார். இப்போதைக்கு அதை விடுங்கள், முதலில் குட்டியைக் கண்டுபிடிக்கவேண்டும், தாயில்லாமல் அது குளிர்காலத்தைத் தாண்டாது, குட்டிக்கான அனுமதி கையில் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுத் துயிஸ்குவைப் பார்த்தார். ஓயிவாவும் பார்த்தான். வேறு எந்த நாயும் அன்று காட்டில் இல்லை.

கட்டிப்போடு என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. அதற்குள் அதே நாயைக் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கார் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்னத் தடம் அவள் காலடியிலிருந்துதான் தொடங்கியது.

அவள் துயிஸ்குவை வாரில் கட்டி, தடத்தில் விட்டாள். நாய் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. குட்டி ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, பிறகு பெரிய வட்டமாகச் சுற்றித் திரும்பியிருந்தது. புதருக்குள் நுழைந்ததும் கெர்த்து அதைக் கண்டாள். தாய் விழுந்த திசையைப் பார்த்து நின்றிருந்தது. ஓடவில்லை.

துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சிவப்புப் புள்ளி குட்டியின் தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அதைச் சுற்றி எல்லாமே தெரிந்தது. முன்னால் நீண்ட காது, மூக்கிலிருந்து வரும் ஆவி, நடுங்கும் முட்டி, ஒரு பக்கமாகத் தள்ளி, கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு உடுப்போடு தாயை இழுத்துப் போகும் ஆட்கள், அவர்களை நோக்கிக் குட்டி ஒரு அடி எடுத்துவைப்பது. ஒன்றும் மறையவில்லை. அவர்கள் சுடும் திசையில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு சுட்டாள். ஒரே குண்டு.

மாலை அறுப்புக் கொட்டகையில் இரண்டும் கொக்கியில் தொங்கின, பெரிதும் சிறிதுமாக. சுட்டவனுக்கு நாக்கு என்பது அந்தச் சங்கத்து வழக்கம். தாயைத் தப்பாகச் சுட்டதால் அதன் நாக்கை யாரும் அறுக்கவில்லை. குட்டியின் நாக்கை ஹன்னெஸ் அறுத்து, கழுவி, கெர்த்துவிடம் நீட்டினார். நாயைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடச் சொன்னார். போலீசிடம் ஓயிவாவின் ஸ்கோப்பைப் பற்றித்தான் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

ஓயிவா சுவரோரம் நின்றிருந்தான். பெரிய மனசோடு, "நாய் நல்லா வேலை பாத்துச்சு அண்ணி," என்று துயிஸ்குவின் தலையைத் தடவக் கை நீட்டினான்.

கெர்த்து அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் நாக்கை வைத்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி இது? குட்டிய நீங்கதானே சுட்டீங்க."

"ரெண்டையும் நீதான் சுட்ட," என்றாள்.

அவள் வெந்நீர்த் தொட்டிக்குப் போய்க் கத்திகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். எல்லாருடைய கத்தியையும் தேய்த்தாள். வேகவேகமாகத் தேய்த்தாள். அன்றைக்குத்தான் அவர்களுக்கும் புரிந்தது, பக்கத்தில் போகக்கூடாது என்று.