உம்மாவுக்காக அடித்த கோன்

சின்னப் பொலிஸ் வழக்குக்காக ஒரு லொறி றைவர் கோடேறி வழக்காடலாமா என்று யாராவது கேட்டால் நான் உடனே விரல்களை மடக்கத் தொடங்கிவிடுவேன். தண்டத்தைக் கட்டிவிட்டு வந்தால் ஒரு விரலோடு முடிந்துவிடும். வழக்காடினால் தவணைக்கு ஒரு விரல், ஓட்டமில்லாத நாளுக்கு ஒரு விரல், கோட்டு விறாந்தையில் நின்று வருகிற தலையிடிக்கு ஒரு விரல். போன கிழமை பக்கத்து வீட்டு லொறிக்காரப் பொடியன் வந்தான். மணலை மூடாமல் ஏற்றினான் என்று பொலிஸ் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டினான். கட்டிவிட்டுப் போ என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போன பிறகுதான் எங்கள் மச்சானின் வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. என் விரல் கணக்கு பிழைத்துப்போன ஒரே வழக்கு அதுதான்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மச்சான் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு லொறியோடும் கல்முனைக்கு வந்தார். லொறி சம்மாந்துறை அரிசி ஆலை முதலாளியுடையது. ஆனால் அதைக் கிளப்புகிற திறப்பை மச்சான் இடுப்பில் செருகியிருந்த விதத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

மருமகன் வந்த வீட்டில் மாமிக்கு ஒரு சட்டம் இருந்தது. மருமகனுடைய முகத்துக்கு முன்னால் வரக்கூடாது. நேரே கதைக்கவும் கூடாது. காலம் போகப் போக அது தளரும் என்பார்கள். உம்மா தளர்த்துகிறவர் அல்ல. மச்சான் சாப்பிட உட்கார்ந்தால் உம்மா குசினித் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

"மச்சானுக்கிட்டக் கேளு, சோத்துக்கு இன்னும் ஆணம் வேணுமா எண்டு."

மச்சானுக்கு அது நன்றாகவே கேட்கும். இடையில் இருந்தது என் காலால் ஆறு அடி. ஆனாலும் நான் போய்க் கேட்கும்வரை சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதும், அப்போதுதான் செய்தி வந்ததுபோல் யோசித்து, "மாமிக்கிட்டச் சொல்லு தம்பி, போதுமெண்டு" என்பார். நான் திரும்பிப் போய்ச் சொல்வேன். ஒவ்வொரு நடைக்கும் பொரித்த மீனில் ஒரு துண்டு எனக்குக் கிடைக்கும். நல்ல உத்தியோகம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீடு சின்னது. வீதிப் பக்கம் முன்னறை, அதற்குப் பின்னால் ராத்தாவின் அறை, கடைசியில் குசினி. உம்மா வெளிச்சத்துக்காகப் பகலில் முன்னறையில் இருந்துதான் பன்பாய் இழைப்பார். லொறி ஓட்டம் முடிந்து மச்சான் எப்போது வந்து நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. கலியாணம் முடிந்த முதல் கிழமையிலேயே ஒரு நாள் அவர் திடீரென்று உள்ளே வந்துவிட்டார். குசினிக்கு ஓட நேரமில்லாத உம்மா, திறந்திருந்த கதவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டார். மச்சான் கைகால் கழுவி, சோறு தின்று, ராத்தாவோடு கதைத்து, பாயில் சற்றுச் சாய்ந்து, எழும்பித் தேநீர் குடித்து, மறுபடியும் லொறியை எடுத்துக்கொண்டு போகும்வரை உம்மா அங்கேயே நின்றார். உம்மா கனத்த உடம்புக்காரி. வெளியே எடுத்தபோது கதவின் நாதாங்கி அவருடைய முதுகில் பதிந்திருந்தது.

விஷயம் ராத்தா மூலம் மச்சானுக்குப் போயிற்று. அவர் வெட்கப்பட்டுப்போனார். அடுத்த நாளிலிருந்து வாசலுக்கு வரும்போதே லொறியின் கோனைப் பாம் பாம் என்று அடிக்கத் தொடங்கினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அது கேட்டதும் உம்மா சீலையைத் தலையில் போட்டு, பன்புல்லைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குசினிக்குள் போய்விடுவார். மச்சானும் இறங்கியவுடன் வரமாட்டார். செருப்பைத் தட்டுவார், டயரை உதைத்துப் பார்ப்பார், இருமுவார். பிறகுதான் வருவார்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் வாசலில் கோன் அடிக்கக்கூடாது என்று ஒரு பலகை. அதை ஊரில் யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை; ஆடுகள் அதில் முதுகு சொறியும். ஆனால் அந்த மாதம் புதிதாக ஒரு பொலிஸ் சார்ஜன் மாற்றலாகி வந்தார். இரண்டு குட்டை முடிந்து நெட்டை பாதியில் இருக்கும்போதே கையைக் காட்டி லொறியை மறித்தார். 'அவசியமில்லாமல் கோன் அடித்தது' என்று எழுதினார்.

வாப்பா பஸாரில் சீலைக் கடை வைத்திருந்தார். பொலிஸைக் கண்டால் கடைக்கு உள்ளே போய் எதையாவது மடிக்கிறவர்.

"பொலிசோட என்ன வழக்கு? குத்தத்த ஒத்துக்கிட்டு, ரெண்டு வார்த்த பணிவாச் சொல்லிட்டு, காசக் கட்டிட்டு வாங்க மருமகன்."

"ஒத்துக்கிட்டா லைசன்ஸில குத்திருவாங்க மாமா. ஏலவே ஒரு குத்து இரிக்கி. இன்னொண்டு விழுந்தா முதலாளி திறப்பப் புடுங்கி அவர்ர மச்சினனுக்குக் குடுத்திருவார். அவன் இப்பவே லொறியச் சுத்திச் சுத்தி வாறான்."

"வழக்காடித் தோத்தா தண்டமும் கூட, குத்தும் விழும்."

"தோக்க மாட்டன் மாமா. கோன் அடிச்சன், அத நான் இல்லெண்டு சொல்லல்ல. அவசியமில்லாம அடிக்கல்ல. அதுதான் வழக்கு."

வாப்பா தலையில் கையை வைத்தார். உம்மா வழக்கம்போல் திரைக்குப் பின்னால் நின்றார். மச்சான் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, மாமிக்கிட்டச் சொல்லு. அவங்க வந்து சாட்சி சொன்னாப் போதும்."

நான் ஆறு அடி நடந்து சொன்னேன். உம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "வாறன் எண்டு சொல்லு" என்றார் உம்மா.

வழக்கு நாளில் கடைக் குடையோடு வாப்பாவும், பக்கத்தில் உம்மாவும், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கோட்டு விறாந்தையில் நின்றோம். நான் பொலிஸ்காரர்களை எண்ணினேன். ஏழு பேர். சாட்சி சொல்லப் போனவர்களையும் சில வேளை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். ஏழு பேர் உம்மாவைத் தூக்குவதற்குப் போதுமா என்று யோசித்துக் கொஞ்சம் ஆறுதலடைந்தேன்.

மச்சான் குற்றவாளிக் கூட்டில் ஏறினார். பிரக்கிராசி வைக்கவில்லை, தன் வழக்கைத் தானே பேசினார். நீதவான் மெலிந்த மனிதர், வேறு ஊர்க்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர்.

"கோன் அடித்தீரா?"

"ஓம் ஐயா. அவசியத்தோடதான் அடிச்சன்."

"என்ன அவசியம்?"

"எங்கட மாமி முன்னறையில இருப்பாங்க. நான் திடீரெண்டு போனா அவங்களுக்குப் பெரிய சங்கடம் ஐயா."

மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. "கோன் விபத்தைத் தடுக்கிறதுக்கு" என்றார்.

"அதுவும் விபத்துத்தான் ஐயா."

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். உம்மாவைக் கூப்பிட்டார்கள். உம்மா அசையவில்லை. மருமகன் நிற்கிற இடத்துக்கு எப்படிப் போவது? கோட்டுச் சேவகர் வந்து கூப்பிட்டார், பிறகு அதட்டினார். உம்மா என் காதில் சொல்ல, நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"மச்சான வெளிய போகச் சொல்லட்டாம். மறுகா உம்மா வருவாவாம்."

குற்றம் சாட்டப்பட்டவர் நிற்காமல் சாட்சியை விசாரிக்க முடியாது என்றார் நீதவான். அதை நான் வெளியே கொண்டுபோனேன். அப்படியானால் சாட்சி விறாந்தையில் இருந்தே சொல்லும் என்று உள்ளே கொண்டுவந்தேன். முடியாது என்ற பதிலோடு மறுபடி வெளியே போனேன். இத்தனை நடைக்கு வீட்டில் ஒரு முழு மீன் கிடைத்திருக்கும்.

கடைசியில் உம்மா ஒரு முடிவுக்கு வந்தார். வாப்பாவின் கையிலிருந்த கறுப்புக் குடையை வாங்கி, விரித்து, கூட்டுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். கோட்டுக்குள் குடை விரிக்கக்கூடாது என்று சேவகர் ஓடிவந்தார். நீதவான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் குடையின் கம்பிகளும் உம்மாவின் பாதங்களும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

உம்மா வாய் திறந்தபோதுதான் வாப்பாவுக்கே தெரிந்தது, அவருக்கு எவ்வளவு பெரிய குரல் என்று. மாதக் கணக்காகத் திரைக்குப் பின்னால் என் காதோடு கதைத்தவர்.

"அம்மா, இவர் கோன் அடிப்பது உங்களுக்கு அவசியமா?" என்று கேட்டார் நீதவான்.

"அவசியமில்ல ஐயா."

மச்சான் தலை நிமிர்ந்தது. உம்மா தொடர்ந்தார்.

"நல்ல மருமகன். என்ட மரியாதைக்குத்தான் அடிக்கார், அல்லாஹ் அறிய அது உண்ம. ஆனா அந்த லொறிர இரைச்சல் பெரியநீலாவணையில வரக்குள்ளயே எனக்குக் கேக்கும். கோன் அடிக்கக்குள்ள நான் எப்பவோ குசினிக்குள்ள. சும்மா கோழியெல்லாம் வெரண்டு ஓடுது."

பெரியநீலாவணை எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைலுக்குக் குறையாது. அதை உம்மாவிடம் சொல்ல நான் வாயெடுத்தேன். வாப்பா என் தோளை அமத்தினார். அதற்குள் சார்ஜன் எழும்பிவிட்டார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்றால் லொறியின் சைலன்சர் பழுதாகத்தான் இருக்கும், அதையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்றார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. நீதவானை மறந்து, சார்ஜனை மறந்து, என்னையும் மறந்து, குடையைப் பார்த்துக் கேட்டார்.

"மாமி! இத வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

குடைக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது.

"நீங்க கேட்டீங்களா மகன்?"

கோடு முழுதும் சிரித்தது. ஏழு பொலிஸ்காரர்களில் ஐந்து பேர் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியும் பதிலும் நான் கொண்டுபோகாமலே போய்ச் சேர்ந்துவிட்டன. இனி எனக்கு என்ன வேலை?

நீதவான் நீண்ட நேரம் எதையோ எழுதினார். எழுதும்போது அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு, கோன் அவசியமில்லை என்று இவருடைய சாட்சியே சொல்லிவிட்டது, எனவே குற்றம் குற்றம்தான் என்றார். மச்சானின் கை இடுப்பிலிருந்த திறப்புக்குப் போனது. ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதையும் அதே சாட்சி சொல்லியிருக்கிறது என்றார். எச்சரித்து அனுப்பிவிட்டார். தண்டம் இல்லை, லைசன்ஸில் குத்தும் இல்லை. சைலன்சரை மாற்றி லொறியைப் பொலிசில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சைலன்சர் மாற்றுவதற்கு முதலாளி முணுமுணுத்தார். ஆனால் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திறப்பை மச்சானிடமே விட்டார். முதலாளியின் மச்சினன் அதற்குப் பிறகு லொறியைச் சுற்றி வரவில்லை.

எங்கள் வீட்டில்தான் புதுச் சிக்கல். இப்போது கோனும் இல்லை, இரைச்சலும் இல்லை. லொறி பூனையைப் போல வந்து நின்றது. உம்மா மறுபடியும் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாரே என்று எனக்குக் கவலை. பள்ளிக்கூடம் விட்டதும் நானாகவே போய் வீதியோர மதகில் இருந்துகொண்டேன். லொறி வருகிற வடக்குத் திசையில், பாண்டிருப்புப் பக்கம் பார்த்தபடி இருப்பேன். போகிற வருகிற லொறிகளை எண்ணுவேன். எங்கள் லொறியின் முகம் தெரிந்ததும் வீட்டுக்கு ஓடுவேன்.

முதல் நாளே மச்சான் வந்தார். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"உம்மா, மச்சான் வாறார்! கெதியா எழும்புங்க!"

உம்மா முன்னறையில் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். சீலையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். எழும்பவில்லை.

"உம்மா!"

"வரட்டும்" என்றார். கை அடுத்த பன்னை எடுத்து மடித்தது.

வெளியே மச்சான் செருப்பைத் தட்டினார். டயரை உதைத்தார். இருமினார். உம்மா இருந்த இடத்திலேயே இருந்தார்.

உம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோட்டில் அவ்வளவு நேரம் நின்ற ஆள் அல்லவா? நான் குசினிக்கு ஓடி நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தபோது மச்சான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவும் தெரியாமல், திரும்பிப் போகவும் தெரியாமல், திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். உம்மா பாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "சோறு போடட்டா மகன்?" என்றார்.

நான் இருவருக்கும் நடுவில் எண்ணெய்ப் போத்தலோடு நின்றேன். மச்சானிடம் போய்ச் சொல்வதா, உம்மாவின் காலில் தடவுவதா, எதை முதலில் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.