அக்காவின் மாத்திரையில் ஒரு துணுக்கு

என் அக்காவுக்குத் தொண்டைதான் சொத்து. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் காலையும் மாலையும் அவளுடைய பாட்டு வகுப்பு. கச்சேரி நெருங்கும்போது தொண்டை கொஞ்சம் கரகரத்தால் போதும், வீடே அல்லோலகல்லோலப்படும். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இரண்டு வேளை போட்டுக்கொள்வாள். குரல் தெளிந்ததும் மிச்சத்தைக் காலிப் பெருங்காய டப்பாவில் பத்திரப்படுத்துவாள், அடுத்த கரகரப்புக்கு. அவள் மட்டுமா? எங்களுக்குத் தெரிந்த பாட்டுக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு டப்பா உண்டு.

எங்கள் வீட்டில் இன்னொரு தொண்டையும் இருந்தது. சாம்பல் உடம்பும் மஞ்சள் கொண்டையுமாக ஒரு காக்கடீல், கிளி ஜாதிப் பறவை. அக்கா சுருதிப் பெட்டியைப் போட்டதும் கூண்டுக் கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதே சுருதியில் விசிலடிக்கும். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள் அக்கா. யாரிடமும் குழைந்து பேசாதவள், அதனிடம் மட்டும் கொஞ்சுவாள். அது தும்மினாலும் அதே டப்பாதான் திறக்கும். மாத்திரையில் ஒரு துணுக்கைப் பொடி செய்து அதன் தண்ணீர்க் கிண்ணத்தில் கலந்துவிடுவாள்.

"இது மனுஷா மாத்திரைக்கா! அதுக்கு எதுக்குப் போடறே?" என்று கத்துவேன்.

"பாடற தொண்டை எல்லாம் ஒண்ணுதான். நீ சித்த சும்மா இரு."

மறுநாள் அது விசிலடிக்கும். அப்புறம் நான் எங்கே வாயைத் திறப்பது?

போன மழைக்காலத்தில் அது உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடியது. அக்கா டப்பாவைத் திறந்தாள். இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. கூண்டைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அடையாறு போனோம்.

"இன்னாம்மா, உள்ள இன்னா கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

"பறவைப்பா. உடம்பு சரியில்லே."

"ஐய, பாவம்" என்றவர், அதன்பிறகு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

பறவைகளைப் பார்க்கும் டாக்டர் சின்ன வயதுப் பெண். தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்து, கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, அதுவரைக்கும் கொடுக்க ஒரு சொட்டு மருந்து தந்தார். அதுவும் எடுபடவில்லை. ரிசல்ட் வந்ததும் டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், இவ்வளவு சின்ன உடம்புக்குக் குடுக்கக்கூடிய எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி சாகல. முன்னாடி அடிக்கடி ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்களா?"

"கொஞ்சம் கொஞ்சம்தான் குடுத்தேன். ஜாஸ்தி குடுக்கவே இல்லையே!" என்றாள் அக்கா.

"அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான் பிரச்சனை மேடம். தப்பிச்ச கிருமிதான் பெருகுது, மருந்துக்கு அது அசையறதே இல்ல."

"ஊசி ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அதோட கிட்னி தாங்காது. கதகதப்பா வெச்சுக்குங்க."

கதகதப்பாக வைத்துக்கொள்வதற்கா இவ்வளவு அலைச்சல்? கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கூண்டருகில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். வேறென்ன செய்ய? அக்கா சுருதிப் பெட்டியை மெல்லப் போட்டாள். அது அலகைத் திறந்தது. காற்றுதான் வந்தது.

"வேண்டாண்டா கண்ணா, பாடாதே" என்று பெட்டியை அணைத்துவிட்டு அழுதாள். மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது கம்பியிலிருந்து விழுந்துவிட்டது.

மார்கழி வந்தது. கச்சேரி நெருங்குகையில் அக்காவுக்குத் தொண்டை கட்டி, ஜுரமும் அடித்தது. கை தானாக டப்பாவுக்குப் போனது. மாத்திரை அட்டையை எடுத்தவள், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டீ, நானும் அதுவும் இதே மாத்திரையைத்தானே சாப்பிட்டுண்டிருந்தோம்" என்றாள், குரலே எழும்பாமல். "எனக்கு மட்டும் கேக்குமா?"

அவளைத் திட்டுவதற்கு எனக்கு எப்போதும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அன்று திட்டாமல் வெந்நீர் வைக்கப் போனேன்.