கோலப்பனின் ருசிச் சீட்டுகள்

கோலப்ப பிள்ளை இறந்த செய்தி வந்தபோது நான் மாவு மில்லில் நின்றிருந்தேன். ஊருக்கு வந்திருந்த அவர் மகள் சுதா போனில் சொன்னாள். "சரி" என்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுடையது முடிந்து, என் கோதுமையும் அரைபட்ட பிறகு சூடான பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சட்டை மாற்றி, அவர் வீடு இருக்கும் கரமனைக்குப் பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

நம் தேயிலைக்காரர் சங்க மடலுக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்ன செயலாளர், குடி சம்பந்தப்பட்டதை மட்டும் விட்டுவிடலாமே என்றார். அதை விட்டால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. போடுவதானால் முழுதாகப் போடட்டும்.

கோலப்பன் வித்துராவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை ருசி பார்ப்பவராக இருந்தார். நான் சாலைக் கடைத்தெருவில் தூள் கலந்து பொட்டலம் போட்டவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ருசி பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முதல் முறை சரக்கு எடுக்கப் போனபோது, ருசி மேசைக்கு அருகில் பயிற்சி பெற்றவர்கள்தான் வரலாம் என்று ஓர் அதிகாரி என்னை வாசலிலேயே நிறுத்தினார். கோலப்பன் அவரிடம் வாதாடவில்லை. தன் கரண்டியைக் கழுவி என்னிடம் நீட்டினார். "மூணாவது கோப்பையைக் கொஞ்சம் பாரும் ஓய். எனக்கு என்னமோ சந்தேகம்." உறிஞ்சித் துப்பினேன். புகை ஏறியிருக்கிறது என்றேன். "அதேதான்" என்றார். அதிகாரிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் சொல்லும் ருசிகள் எல்லாம் புத்தகத்தில் படித்தவை, பிறரிடம் கேட்டவை என்று சொன்னவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். நான் மறக்கவில்லை. அதனால்தான் நானும் கோலப்பனும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ருசி பார்த்ததும் பேசக்கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகுதான் திருப்ப வேண்டும். "வாயில இருக்கிறதை எழுதும். மனசுல இருக்கிறதை எழுதாதேயும்" என்பார்.

இருவரும் வேலையை விட்ட பிறகு தேயிலை போய் வேறொன்று வந்தது. சுதா குடியேறிய இங்கிலாந்து ஊரில், இலை உதிரும் பருவத்துக்கென்று கறுத்த பீர் ஒன்று காய்ச்சுகிறார்கள். ஏல் என்று பெயர். ஐப்பசியில் பிள்ளைகளின் விடுமுறைக்கு வரும்போது துண்டில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவருவாள். முதல் வருடம் நான் பிரிஜ்ஜில் வைக்கச் சொன்னேன். கோலப்பன் கேட்கவில்லை. "நாக்கு விறைச்சுப் போனா பிறகு என்ன தெரியும்?" என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீர் நிறைந்த வாளியில் அரை மணி நேரம் இறக்கி வைத்தார். வெளியே ஐப்பசியின் துலா மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பகவதியம்மாள் துப்புவதற்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார்.

"தேயிலை மாதிரி துப்பிரணும் அண்ணாச்சி. ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா ரெண்டு பேருக்கும் இன்னைக்குச் சோறு கிடையாது."

அதைச் சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். கோலப்பனின் தொண்டை அசைந்ததாக அவருக்குக் கடைசிவரை சந்தேகம். சோறு கிடைத்தது.

அன்று என் சீட்டில் கருப்பட்டியும் காபியும் இருந்தன. அவர் சீட்டிலும் அவை இருந்தன; அவற்றுக்குக் கீழே, "மழையில் அணைந்த விறகு" என்றும் இருந்தது. மறுபடியும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். விறகு இருந்தது. எனக்குத் தப்பியதை இன்னொருவர் கண்டுபிடித்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு வீட்டில்தான்.

கொரோனா ஓய்ந்து சுதா மறுபடி வரத் தொடங்கிய மூன்றாவது ஐப்பசியில் வந்த பாட்டில் கெட்டுப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்தது. எழுதினோம். கோலப்பன் முதலில் தன் சீட்டைத் திருப்பினார். வறுத்த கொட்டை, உலர்ந்த திராட்சை, வெல்லப்பாகு. கோளாறு பற்றி ஒரு சொல் இல்லை. நான் என் சீட்டைத் திருப்பாமல் சட்டைப் பையில் போட்டேன்.

"லேபிளைப் பார்த்து எழுதியிருக்கீர்" என்றேன். "ஊரெல்லாம் என்னைச் சொன்னதை நீர் செய்திருக்கீர்."

அவர் மறுக்கவில்லை. மறுக்காததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில், கோலப்பனின் நாக்கு லேபிளில் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிலர் சிரித்தீர்கள். அவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் சங்கத்துக்கு அவர் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

தகனம் முடிந்து திரும்பியதும் சுதா என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அந்தக் கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு அப்பாக்கு மணமே கிடையாது கேட்டோ. உப்பு, புளி, இனிப்பு, கசப்பு. அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

பகவதியம்மாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "அண்ணாச்சிட்ட சொல்லிருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். மூக்கு போனவன் வீட்டுக்கு அவரு எதுக்கு வரப்போறாருன்னு கேப்பாக."

போயிருப்பேன் என்று இங்கே எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

சுதா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். எல்லா வருடத்துச் சீட்டுகளும் இருந்தன. வறுத்த கொட்டையும் உலர்ந்த திராட்சையும் வெல்லப்பாகும் அவர் மூக்கு நன்றாக இருந்த ஒரு வருடத்துச் சீட்டில், அவர் கையெழுத்தில், அதே வரிசையில் இருந்தன. கழுவி வைத்திருந்த அந்தக் கெட்டுப்போன பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, அதன் லேபிளை அவளையே வாசிக்கச் சொன்னேன். அதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ருசி பார்க்காமல் எழுதியது தவறு. அதை இன்றும் சொல்வேன். என்னிடம் மறைத்தது அதைவிடத் தவறு. ஆனால் அவர் எழுதியவை யாரிடமிருந்தும் எடுத்த சொற்கள் அல்ல, அவருடையவையே. கூட்டத்தில் நான் சொன்னது பொய். அங்கே கேட்டவர்களும் சிரித்தவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அவருடைய பொருள் எதுவும் வேண்டாம் என்று சுதாவிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். அன்று நான் கோபத்தோடு செருப்பை மாட்டும்போது கோலப்பன் வாசல்வரை வந்தார். "சரி ஓய், நான் எழுதினது தப்புன்னே வச்சுக்கிடும். உமக்கு அதுல என்ன தெரிஞ்சுது? அதையாவது சொல்லிட்டுப் போரும்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துப் படியிறங்கினேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

நனைந்த அட்டைப்பெட்டி நெடி, கோலப்பன். மூடி சரியாக இல்லாமல் காற்று புகுந்திருந்தது. அதை மட்டும்தான் என் சீட்டில் எழுதினேன். துப்பிய பிறகு அடித்தொண்டையில் கொஞ்சம் வறுத்த கொட்டையும் இருந்தது. அதை நான் எழுதவில்லை.